எலுமிச்சம்பழத்தோடு ஒரு வைஃபை கார்டு

நாமக்கல் லாரி ஆபீஸில் என்னோடு இருந்த கணக்குப்பிள்ளை ஒல்லியான ஆள். கோபம் வந்தால் மீசை நுனியைக் கடிப்பார். அவர் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வைஃபையை ஓட்டும் டிரைவர் மென்பொருள் செத்துவிடும். திட்டிக்கொண்டே மறுபடி ஏற்றுவார்.

ஒருநாள் புக்கிங் நடுவில் நெட் போய், கைக்கு வந்த லோடு பக்கத்து ஆபீசுக்குப் போய்விட்டது. லேப்டாப்பைத் திறந்து உள்ளிருந்த வைஃபை கார்டைக் கழற்றினார். வாசலில் புது லாரிக்குப் பூஜை. டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தோடு கார்டையும் வைத்தார்.

“ஏனுங்க, அப்புறம் நெட்டுக்கு?” என்றேன்.

“கேபிள் போட்டுக்கறேனுங்க. இவன மட்டும் உடமாட்டேன்.”

லாரி ஏறி இறங்கியது. நசுங்கிய கார்டை நூலில் கட்டி மேசைக்கு மேலே தொங்கவிட்டார். பிறகு அதே கம்பெனியின் புதுக் கார்டை வாங்கி, தொங்குவதை அதற்குக் காட்டிவிட்டுத்தான் மாட்டினார்.

அதன்பின் எந்த அப்டேட்டிலும் நெட் போகவில்லை. பயந்துவிட்டது என்றால் சிரிப்பீர்கள். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.