இரண்டு குழுவுக்கும் ஒரே டிரம்மர்

நான் ஆலயப் பாடகர் குழுவிலும் ஒரு மெல்லிசைக் குழுவிலும் டிரம்ஸ் வாசிக்கிறேன். வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்று இரண்டு இடத்திலும் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு குழுவில் வாசிப்பது மற்றதற்குத் தெரியாது. இன்று காலை வரை.

மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் மெல்லிசைக் குழு நடத்தும் செல்வம் அண்ணன். அடுத்த நிறுத்தத்தில் ஏறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார் பாடகர் குழுத் தலைவர் அருள் அண்ணன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க டிரம்மர் அடிச்சா கல்யாண மண்டபமே ஆடிகினு இருக்கும். அதுவும் ஒரு பொண்ணு!" என்றார் செல்வம் அண்ணன்.

"எங்களுக்கும் பொண்ணுதாங்க. பாடுறவங்க குரல் அமுங்காம பதமா அடிக்கும்" என்றார் அருள் அண்ணன்.

செல்வம் அண்ணன் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏங்க, நெய்வேலியில டிரம்ஸ் அடிக்கிற பொண்ணு எத்தினி பேரு இருக்காங்க?"

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பினார்கள். இரண்டு குழுவும் போச்சு என்று நினைத்தேன்.

"ஏம்மா ஸ்டெல்லா, மண்டபம் ஆடுற மாதிரி எங்களுக்கு ஏன் அடிக்கல?" இது அருள் அண்ணன்.

"எங்க பாட்டுல மட்டும் ஏம்மா குரலே கேக்க மாட்டேங்குது?" இது செல்வம் அண்ணன்.

கிடைத்த திட்டு அவ்வளவுதான். நெய்வேலி டவுன்ஷிப் வருவதற்குள், என்னைக் கேட்காமலே, பயிற்சி நாட்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஞாயிறு மாலை. மனசு நிறைந்துதான் இறங்கினேன்.

அந்த ஞாயிறு மாலைக்கு மூன்றாவது குழு ஒன்று கூப்பிடுகிறது. அண்ணன்கள் இருவரும் முகநூலில் இல்லை. நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.