ஆத்தூர்க் கிணற்றில் கழுவிய படம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோவை என் சொந்தக் கையால் உண்டாக்கினேன். கூரையில் கண்ணாடி ஓடு பதித்து வெளிச்சத்தை உள்ளே இறக்கியது நான். லாரியின் பழைய ஹெட்லைட்டையும் தகர டின்னையும் வைத்துப் படத்தைப் பெரிதாக்கும் கருவி செய்தது நான். பின்னால் தொங்கும் திரையில் மாடிப்படியும் அன்னமும் வரைந்ததும் நானேதான். அந்த அன்னம் வாத்து மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லை, கைதூக்கிவிட ஆளில்லை. "பேசாம பூட்டுப் பட்டறைக்குப் போடா" என்று சொல்வதற்கு மட்டும் தெருவே இருந்தது.

இத்தனையும் செய்தவனிடம் வந்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு? இன்றைக்கும் போட்டோக்காரர்களிடம் அதையே கேட்கிறார்கள். அதற்கு என் பதில், ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம் திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கம் நடந்தது.

கத்தரியும் மல்லிகையும் பயிர் செய்கிற ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். மனைவிக்கு வயிற்றில் கட்டி, மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், மூன்று நாளில் பஸ் ஏற வேண்டும். அதற்குள் பிள்ளைகளோடு ஒரு படம் எடுத்துக் கையில் பார்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மா பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். நான் தொகையைச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏண்ணே, பொட்டிக்குள்ள தலைய விடுறீக, வெளிய எடுக்குறீக. இதுக்கா இம்புட்டு?"

"நீங்க விதையத் தூவிட்டு வீட்ல படுத்துக்கிறீகளா தம்பி? கத்தரிக்கா தானா சந்தைக்கு நடந்து வருதா?"

"பேச்சுல ஒங்கள ஜெயிக்க முடியாதுண்ணே."

"வெலையிலயும் முடியாது. காலையில வாரேன், போங்க."

மறுநாள் காலை சைக்கிள் கேரியரில் கேமராவைக் கட்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில், வேப்ப மர நிழல் விழாத பக்கமாக நாற்காலி போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தார்கள். இரண்டு பையன்கள் பக்கத்தில், கைக்குழந்தை மடியில். வெளிர் மஞ்சள் சேலை, தலை நிறைய மல்லிகை. எழுந்து உட்காருவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சின்னவளுக்கு என் மொகம் அடையாளம் தெரியணும்ணே. நோவுக்காரி மாதிரி எடுத்துராதீக."

அந்தக் காலத்தில் படம் விழுந்தது கண்ணாடித் தகட்டில். பிளேட் என்போம். ஒரு பிளேட் எடுத்தேன். பெட்டியில் கடைசியாக மிச்சமிருந்த இன்னொன்றையும் மாட்டினேன். வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

"மொதப் படம் விழலையாண்ணே?"

"நல்லா விழுந்திருக்கு."

"அப்புறம் ரெண்டாவது எதுக்கு? அதுக்கும் தனியாக் கேப்பீகளோ?"

"அதையும் சேத்துத்தான் தம்பி நேத்தே சொன்னேன்."

அந்த அம்மா வலியோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவதை எடுத்துவிட்டேன். கிளம்பும்போது அவர்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு குடித்தேன். மலையடிவாரத்துக் கிணறு. பல் கூசுகிற குளிர்ச்சி.

சாயங்காலம் ஸ்டூடியோ இருட்டறையில் முதல் பிளேட்டை மருந்தில் போட்டேன். பிளேட்டின் மேல் இருப்பது ஒரு வகைப் பசைப் பூச்சு, சூட்டில் இளகிவிடும். படம் அதில்தான் இருக்கிறது. திண்டுக்கல் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. பானையில் ஊற்றி வைத்த தண்ணீரே வெந்நீராகக் கிடந்தது. முகம் தெளிந்து வருகிற நேரத்தில், தோசைக்கல்லில் மாவு நகர்கிற மாதிரி அந்தப் பூச்சு கண்ணாடியை விட்டு வழுக்கிக்கொண்டு போனது. என் கண் முன்னால் அந்த அம்மாவின் தோள் சுருங்கியது, கழுத்து மடங்கியது, கடைசியில் விரலில் ஒட்டிய பசைதான் மிச்சம்.

மதுரையிலிருந்து புதுப் பிளேட் வரவழைக்க நேரமில்லை. இன்னொரு தடவை எழுந்து உட்கார அந்த உடம்புக்குத் தெம்புமில்லை. கையில் ஒரே ஒரு பிளேட். அதை இந்த வெந்நீரில் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். குடித்த அந்த ஒரு செம்புத் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

விடிந்ததும் பிளேட்டையும் மருந்துப் புட்டிகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுபடி சைக்கிளை மிதித்தேன். வரப்பில் நின்றவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னண்ணே, படம் ஆச்சா?"

"ஆகல. ஒங்க கெணத்துத் தண்ணி வேணும், மோட்டார் ரூம் வேணும், நீங்களும் வேணும்."

முதல் பிளேட் போனதைச் சொன்னேன். அவர் வீட்டுக்கு ஓடிப்போய் கம்பளி, சாக்கு, கிழிந்த பாய் எல்லாம் அள்ளி வந்தார். வெளிச்சம் நுழையாதபடி மோட்டார் அறையின் சந்து பொந்தையெல்லாம் இருவருமாக அடைத்தோம். சிவப்பு வெளிச்சம் பிளேட்டைக் கெடுக்காது என்பதால் அரிக்கேன் விளக்கில் அந்த நிறத் துணியைச் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். குளிர்ந்த தண்ணீரில் மருந்தைக் கலந்து பிளேட்டை இறக்கினேன். உள்ளே மூச்சு முட்டியது. விளக்கு ஆடியது.

"கை நடுங்குது தம்பி."

"எனக்கில்லண்ணே, வெளக்குக்கு."

படம் எழுந்து வந்தது. பூச்சு அசையவில்லை. அடுத்த மருந்தில் போட்டு நிலைக்க வைத்த பிறகு கதவைத் திறந்தோம். மோட்டாரைப் போடச் சொன்னேன். பிளேட்டைக் கழுவ ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கு விழுகிற இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தரிக்குத் தண்ணீர் பாய்ந்த மாதிரியும் ஆயிற்று.

கழுவி முடித்து வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். அவரும் என் தோளோரம் வந்து பார்த்தார். நெகடிவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வெள்ளை கருப்பாகும், கருப்பு வெள்ளையாகும். முகமும் மல்லிகையும் கருத்திருந்தன. கூந்தல் முழுக்க வெளேரென்று வானம் தெரிந்தது.

"என்னண்ணே, தலை நரைச்சுப் போச்சு?"

"இதுல அப்படித்தான் தெரியும். காயிதத்துல போடறப்ப சரியாயிரும்."

அவர் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இருக்கட்டும்ணே. நரைச்சாலும் நல்லாத்தான் இருக்கா" என்றார்.

ஸ்டூடியோவுக்கு வந்து, கண்ணுக்குக் கீழே இருந்த நோயின் பள்ளத்தைப் பென்சில் முனையால் பிளேட்டிலேயே புள்ளி புள்ளியாக நிரப்பினேன். அன்று முழுக்க வேறு வேலை தொடவில்லை. அட்டையில் ஒட்டி, கீழே என் பெயரிலேயே இருந்த ஸ்டூடியோவின் முத்திரையை அழுத்தி வைத்தேன்.

மறுநாள் காலை மதுரை பஸ் கிளம்புவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தையே பார்த்தார். "நானாண்ணே இது" என்று கேட்டுவிட்டு, கீழே மூத்தவன் இடுப்பில் இருந்த குழந்தைக்கு நேராக அதைக் காட்டினார். பிறகு பையனின் கையில் கொடுத்து, "நனையாம வச்சுக்க" என்றார். வீட்டுக்காரர் பஸ் படியிலிருந்து இறங்கி வந்து, சொன்ன தொகையை முழுசாகக் கொடுத்தார். நானும் குறைக்காமல் வாங்கிக்கொண்டேன். செய்த வேலைக்கு வாங்கினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அம்மா மதுரையிலிருந்து திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் சந்தைக்கு வரும்போதெல்லாம் ஸ்டூடியோவுக்குள் வருவார். படம் வீட்டில் இருக்கிறது. அவர் கேட்பது பிளேட்டை. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நரைத்த தலையோடு இருக்கிற மனைவியைப் பார்த்துவிட்டுப் போவார். அவருடைய தலையும் நரைக்கிற வரைக்கும் வந்தார். விலையைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று கைக்குழந்தையாக இருந்தவர் இப்போது பேரன் பேத்தி எடுத்தவர். சமீபத்தில் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். கூடத்தில் அந்தப் படம் ஆள் உயரத்துக்கு, கலர் ஏற்றி, பளபளவென்று மாட்டியிருந்தது. அம்மா முகத்தை அவர் கை வைத்துக் காட்டினார். அடையாளம் தெரியாமல் போகவில்லை. ஆனால் என் முத்திரை இருந்த அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு, பெரிதாக்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் கடையின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கடைப் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் செய்த வேலைக்கு அது இருக்கட்டும். ஆனால் அந்த அம்மாவின் தலை நரைத்துப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், அதில் மிச்சம் இருப்பவன் நான். இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறபோதும் என் பெயரை நான் போடவில்லை. அது இருக்க வேண்டிய இடம் அந்தப் படத்தின் அடியில், அந்தப் படத்தை வைத்திருப்பவர்களே, அங்கே அதைத் திரும்பப் போடுங்கள்.