வயித்துக்காரியை வாங்க வந்தவர்

“டட்... டட்... டட்...”

கொல்லைப்புற ஷெட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும், முன்னறைக் கட்டிலில் இடுப்புப் பட்டையோடு படுத்திருந்த காசிமாயன் தலையைத் தூக்கினார்.

“யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்றாங்க போலிருக்கே?” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஸ்ரீராம்குமார்.

“வேற யாரு சார்? எம் பொண்டாட்டிதான்.”

ஸ்ரீராம்குமாருக்கு நான்குவழிச் சாலையில் ஹோட்டல். வாசலில் நிறுத்திவைக்க, வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ள, பழைய ராட்சத இயந்திரம் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். காசிமாயனே போன் போட்டு வரச்சொன்னார். மனைவி நாகஜோதியிடம் மூச்சுவிடவில்லை. ரேஷன் கடையிலிருந்து திரும்பியவள் வாசல்படியிலேயே பேச்சைக் கேட்டுவிட்டாள். பையை இறக்கிவைத்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

காசிமாயனின் ஸ்கிரேப்பரை அவனியாபுரத்தில் ‘வயித்துக்காரி’ என்றால்தான் தெரியும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பெரிய இரும்புத் தொட்டி. அதன் அடியிலிருக்கும் தகடு மண்ணைச் சீவ, சீவிய மண் தொட்டிக்குள் சுருண்டு ஏறும். நிறைந்ததும் வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பிவிடும். டிப்பரும் வேண்டாம், வாரிக்கொட்ட ஆளும் வேண்டாம். இருபத்தாறு வருஷத்துக்கு முன், கால்வாய் வேலை முடிந்து துருப்பிடித்துக் கிடந்ததை ஏலத்தில் எடுத்து, இரண்டு லாரியில் கழற்றிக் கொண்டுவந்தார். பசுமலையில் பள்ளிக்கூட மைதானம், பரவையில் வீட்டுமனை என்று அவர் சமப்படுத்திய நிலத்தில் மழைத்தண்ணீர் தேங்காது.

ஆனால் அதைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். கீழே நிற்பவர் கயிற்றைச் சுற்றி இழுத்துச் சின்னப் பெட்ரோல் எஞ்சினை ஓடவிட வேண்டும். அது பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றும்போது, சீட்டிலிருப்பவர் சரியான நொடியில் லிவரை மாற்ற வேண்டும். கல்யாணமான மறுவருஷம் ஹெல்பர் நின்றுவிட, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தவள் நாகஜோதி. இன்றுவரை விடவில்லை.

‘கீழே அவள் இருக்கிறாள். மேலே யார்?’

காசிமாயன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். சின்ன எஞ்சின் திணறியது. ஒரு நொடி எல்லாம் அடங்கிவிட்டதுபோல் இருந்தது. பிறகு பெரிய எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொள்ள, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. மூன்று மாதமாகக் கேட்காத சத்தம். அவர் கண் நிறைந்துவிட்டது.

கையெல்லாம் கிரீஸோடு நாகஜோதி வந்து நின்றாள்.

“கேட்டீகளா சார்? நல்லா ஓடுற வண்டி. இப்பப் பேசுங்க.”

“எஞ்சின் எனக்கு வேண்டாம்க்கா. வெயிட் ஜாஸ்தி. அதை வெட்டி எடுத்து எடைக்குப் போட்டுட்டு, கூட்டை மட்டும் கிரேன்ல தூக்கிடுவோம்.”

காசிமாயன் அவரைப் பார்த்தார். இதை அவர் முதலில் சொல்லவில்லை. வண்டி வேறொரு வாசலில் எஞ்சினோடு முழுசாக நிற்கும் என்றுதான் காசிமாயன் நினைத்திருந்தார்.

“ஏ நாகஜோதி, லிவரை யாரு பிடிச்சா?”

“யாரும் பிடிக்கல. கொடிக்கயித்தைக் கட்டிக் கீழ இருந்து இழுத்தேன்.”

“கிறுக்கச்சி! கை போயிருந்தா?”

“போகலைல்ல?”

“ஒந்தோளுக்காகத்தான் புள்ள விக்கிறேன். நான் இனிமே சீட்ல உக்காரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக. நீ இன்னும் எம்புட்டு வருசத்துக்குக் கயிறு இழுப்ப?”

“எந்தோளு வலிக்குதுன்னு ஒங்ககிட்ட வந்து அழுதேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டீகளா? நான் இழுக்காம அது என்னைக்காவது கிளம்பிருக்கா? ஒங்க வண்டியாம்ல, ஒங்க வண்டி!”

காசிமாயன் கிரீஸ் படிந்த அவள் கைகளைப் பார்த்தார்.

“எங்கண்ணே ஜெயபாண்டி துபாய்ல இதைத்தானே ஓட்டுச்சு? அது ஓட்டட்டும்.”

“ஒங்கண்ணனா! மேடும் பள்ளமுமாச் சீவிப் போட்டுரும்.”

“சீவட்டும். ஓரமா நாற்காலியப் போட்டு உக்காந்து அதைத் திட்டுங்க. அதான் ஒங்களுக்கு நல்லா வருமே.”

ஸ்ரீராம்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். காசிமாயனும் சிரித்தார், இடுப்பு சுரீரென்றது.

“கொடுக்கல சார். அலைய விட்டுட்டேன், தப்பா நினைக்காதீக.”

“வேணும்னா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே.”

“யோசிச்சாச்சு சார்,” என்றாள் நாகஜோதி.

ஸ்ரீராம்குமார் செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போனார். அவர் கண்ணாடியை ஏற்றிக் கிளம்பும்வரை வாசலில் நின்ற நாகஜோதி, கிரீஸ் படாமல் முழங்கையால் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.