மாப்பிள்ளையின் தொப்பிக்கு அடியில்

1969, பங்குனி மாதத்து வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மதுரை ஜங்ஷனில் மானாமதுரை வண்டி ஏறினேன். சட்டைப் பையில் ரயில்வே பாஸ், மூக்குப்பொடி டப்பா, ஒரு போட்டோ. காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் பிள்ளையார்பட்டிக்குப் போவார்கள், குன்றக்குடி மலை ஏறுவார்கள், பெரிய பெரிய வீடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனது ஒரு தலையைப் பார்க்க.

அந்தத் தலைக்கு உரியவர் பெயர் கதிரேசன். வயது இருபத்தொன்பது, ரோடு சர்வேயில் வேலை. என் அக்கா மகள் வசந்தாவுக்கு வந்திருக்கும் வரன். போட்டோவில் முகம் லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் தலையில் தொப்பி. கறுப்பு நாடா கட்டிய வெயில் தொப்பி, இடது புருவத்தின் மேல் ஒயிலாகச் சாய்ந்திருந்தது. பெண் வீட்டுக்கு அனுப்புகிற போட்டோவில் எவனாவது தொப்பி போடுவானா? அதுவும் ஸ்டூடியோவுக்குள் என்ன வெயில் அடிக்கிறது?

நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகன். வண்டியில் எந்தக் கதவு ரொம்ப நேரம் மூடியிருந்தாலும் அதற்குப் பின்னால் டிக்கெட் இல்லாத ஒரு ஆசாமி நிற்கிறான் என்பது என் அனுபவம். மூடி வைத்த எதையும் எனக்குப் பிடிக்காது. போதாக்குறைக்குப் போன வருஷம் ஒரு வரன் வந்தது. போட்டோவில் இளைஞன், பெண் பார்க்க நேரில் வந்து நின்றவருக்கு அந்த இளைஞன் மகனாக இருக்கலாம். பழைய போட்டோவை அனுப்பி ஏமாற்றியிருந்தார்கள். அதற்கப்புறம் எந்த வரனையும் ஏறெடுத்துப் பார்க்காத வசந்தா இந்தப் போட்டோவை மட்டும் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“தலையில முடி இருக்கா இல்லையாங்கறது எனக்குப் பெரிசில்லே மாமா. மறைக்கிற ஆளா இருந்தா வேண்டாம். இன்னொண்ணு, என் போட்டோவுல இருக்கிற சடை சவுரின்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடணும்.”

அது உண்மைதான். போன வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. இப்போது வளர்ந்திருப்பது தோளைக்கூடத் தொடவில்லை. ஸ்டூடியோவில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அக்காதான் சவுரியை வைத்து இடுப்பு வரை பின்னிவிட்டாள். சொல்லிவிடுகிறேன் என்று வசந்தாவுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் மனசுக்குள் வேறு கணக்கு. முதலில் அவன் டிக்கெட்டைக் காட்டட்டும், நம்முடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சவுரி என்று சொல்லி, அதனாலேயே இந்த வரனும் தட்டிப்போனால், போன தடவையே படுத்துவிட்ட அக்கா இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள்.

என் தலையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உச்சியில் முடி குறைவு. அதனால் இடது காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் தொட்டு, உச்சி வழியாக வலப்பக்கம் கொண்டுபோய்ப் படிய வைத்திருக்கிறேன். இதை மறைப்பது என்று சொல்ல மாட்டேன். ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். காற்று வேகத்துக்கு அந்த ஏற்பாடு தாங்காது என்பதால் ரயிலில் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

மானாமதுரையில் வண்டி மாறினேன். சிவகங்கையில் ஏறிய ஒரு ஜவுளி வியாபாரி என் எதிரில் உட்கார்ந்தார். கல்லலுக்குப் போகிறாராம். பேச்சுவாக்கில் போட்டோவைக் காட்டி, இந்தப் பையனைத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாதுங்களே. தொப்பி எடுப்பா இருக்கு. வெயிலுக்குப் போட்டிருப்பாக.”

“ஸ்டூடியோவுல ஏது வெயில்?”

அவர் போட்டோவை வாங்கி இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். “அப்ப யோசிக்க வேண்டியதுதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க போலீசா?” என்று கேட்டுவிட்டு, தன் துணி மூட்டையைக் காலோடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

நடுவில் நாட்டரசன்கோட்டை வந்தது. கண்ணுக்குக் கண்கண்ட தெய்வம் அங்கே குடியிருக்கும் கண்ணாத்தாள். இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டு, இன்றைக்கு ஒரு நாள் என் கண்ணுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கூர்மை கொடு தாயே என்று கேட்டுக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்குக் காரைக்குடி. இறங்கியதுமே வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஜட்கா, முக்கால் ரூபாய். வழியில் அந்தப் பெரிய வீடுகளைப் பார்த்தேன். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தெருவில் நுழைந்தவன் இன்னொரு தெருவில் வெளியேறிவிடலாம் என்கிற வீட்டைப் பார்த்தால் என் தொழிலில் இருப்பவனுக்கு நிம்மதி கெட்டுவிடுகிறது.

ஜட்காக்காரரிடம் மெள்ளக் கதிரேசன் பேச்சை எடுத்தேன்.

“தொப்பிக்காரத் தம்பியா? தங்கமான புள்ளையாச்சே. சாக்கோட்டை ரோட்டுல அளந்துகிட்டு இருப்பாக.”

“தொப்பி இல்லாம நீங்க பார்த்திருக்கீங்களா?”

அவர் யோசித்தார். “கோயிலுக்குள்ள கழட்டித்தானே ஆகணும்? ஆனா அப்ப நான் வெளியில குதிரைகிட்ட நிப்பேன். பாத்ததில்லீக.” பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “ஏன் கேக்குறீக? வருமான வரியா?”

ரோடு சர்வேக்காரருக்கு ஏது வருமான வரி என்று நான் சொல்லியும் அவருக்குத் திருப்தி இல்லை. நான் இறங்கிப் பஸ்ஸில் ஏறுகிற வரை குதிரையை நகர்த்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாக்கோட்டை காரைக்குடியிலிருந்து ஐந்தாறு மைல். பஸ் சார்ஜ் முப்பது பைசா. இரண்டு பக்கமும் செம்மண் பொட்டல், வற்றிக் கிடக்கும் கண்மாய், அங்கங்கே கருவேலம். ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுக்கோலைப் பிடித்தபடி ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. அவருக்கு எதிரே, மூன்று கால் கருவிக்குப் பின்னால், அந்தத் தொப்பி. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மணி பதினொன்றரை இருக்கும்.

ஒரு புளியமரத்தடியில், யாருக்காகவோ காத்திருப்பவன் போல உட்கார்ந்து கவனித்தேன். தொப்பி போடுவதில் பையன் கெட்டிக்காரன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வெயில் முதுகில் அடித்தால் பின்விளிம்பைக் கழுத்து மேல் இறக்கினான். கருவிக்குள் குனிந்து பார்க்கும்போது ஒரே விரலால் முன்விளிம்பைத் தூக்கினான். நிமிர்ந்ததும் பழைய சாய்வு தானாக வந்துவிடும். ஆனால் ஒரு தடவைகூட அது தலையை விட்டு இறங்கவில்லை. காதோரம் கிருதா அடர்த்தியாகத்தான் இருந்தது. அதை நம்ப முடியுமா? எனக்கும்தான் காதோரம் அடர்த்தி.

மரத்தின் நிழல் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. காலையில் சாப்பிட்டது இரண்டு இட்லி. எழுந்து நாலு எட்டு வைத்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தான்.

“இந்த வெயில்ல குடைகூட இல்லாம எங்குட்டுப் போறீக? சித்த இருங்க.”

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். ஒரு கை தொப்பியை எடுத்தது, மறு கை தோளில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றியது. கண்ணைச் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. திரும்பியபோது தலையில் முண்டாசு, கையில் தொப்பி. அந்த வேகம் ரொம்ப நாள் பழக்கத்தில் வருகிற வேகம். எனக்கு மயக்கம் போய்விட்டது, சந்தேகம் மட்டும் போகவில்லை.

“போட்டுக்கங்க. அழுத்திப் போடாதீக, தல புழுங்கும். புருவத்துக்கு மேல ரெண்டு விரக்கடை இருக்கட்டும். கொஞ்சம் இங்குட்டுச் சாச்சுக்கங்க. இப்ப பாருங்க, தொரை மாதிரி இருக்கீக.”

ஈரக் கைக்குட்டை ஒன்றை மடித்து உள்ளே வைத்திருந்தான். தலை குளுகுளுவென்று இருந்தது. அவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று என்னைக் கையோடு சாக்கோட்டைக்கு அழைத்துப் போனான். தொப்பியும் நானுமாக நடந்தபோது எதிரில் வந்த இரண்டு பேர் எனக்குக் கும்பிடு போட்டார்கள். இப்படி ஒரு சௌகரியம் இருப்பது தெரிந்தால் யார்தான் கழற்றுவார்கள் என்று தோன்றியது. உடனே சுதாரித்துக்கொண்டேன். ஆள் நம்மை மடக்கப் பார்க்கிறான்.

டீக்கடையை ஒட்டி ஒரு சலூன். அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியை எடுத்து மடியில் வைத்தேன். நேர் எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் தெரிந்தது யார் என்று எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. நெற்றியைச் சுற்றி, கயிறு கட்டி இழுத்தது போலச் சிவப்பு வளையம். வேர்வையில் தொப்பியோடு ஒட்டிக்கொண்டு என் ஏற்பாடு முழுவதும் கிளம்பி வந்துவிட்டது. உச்சி வெட்டவெளியாகப் பளபளக்க, அந்த நீள முடி இடது தோளில் வால் போலத் தொங்கியது. இத்தனை வருஷத்தில் என் மனைவியைத் தவிர யாரும் பார்க்காத காட்சி.

கதிரேசன் சிரிக்கவில்லை. சலூன்காரர் வாய் திறக்கப் போனதையும் கையமர்த்தினான். பிறகு தன் முண்டாசை அவிழ்த்தான்.

முடி இருந்தது. வேண்டிய மட்டும் இருந்தது. ஆனால் அது இருந்த கோலம்! தொப்பி விளிம்பு பதிந்த இடத்தில் சுற்றிலும் பள்ளம். அதற்குக் கீழே முடி ஒட்டிக் கிடந்தது. மேலே சேவல் கொண்டை மாதிரி விறைத்து நின்றது.

“இதுக்குத்தாங்க யாரு முன்னாடியும் கழட்டுறதில்ல. ஆபீசுல எனக்குப் பேரே கொண்டைச் சேவல். போட்டோ எடுக்கப் போனப்ப மூணு வாட்டி தண்ணி தொட்டு வாரிப் பாத்தாக, படியல. ஸ்டூடியோக்காரரே, பேசாமப் போட்டுக்கங்க தம்பின்னுட்டாக.”

சலூன்காரரிடம் தண்ணீரும் எண்ணெயும் வாங்கி வைத்தியம் சொல்லிக் கொடுத்தான். முதலில் விரலை நனைத்து வேர்க்காலில் எதிர்ப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய். வாரி முடித்ததும் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் அசையாமல் உட்கார வேண்டும். இரண்டு பேரும் தலையில் ஈரத் துண்டோடு டீ குடித்தோம்.

“மதுரையிலேருந்துதானே வாரீக?” என்றான் அவன், டம்ளரைப் பார்த்தபடி. “பொண்ணோட மாமா ரயில்வேன்னு சொன்னாக. புளியமரத்தடியில உக்காந்து என் தலையவே பாத்துக்கிட்டிருந்தீக. வேற யாரு அப்படிப் பாப்பாக?”

டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று என் முகம் அப்படித்தான் இருந்தது.

“தப்பில்லீக. நானும் ஒண்ணு கேக்கணும். போட்டோவுல அந்தச் சடை அவுகளோடதில்லன்னு எங்க ஆத்தா அடிச்சுச் சொல்றாக. மேல மெலிசா இருக்கு, நடுவுல பெருத்திருக்காம். நீங்களே சொல்லிருங்க.”

வசந்தா கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதைவிட முன்னால் அக்காவின் முகம் வந்தது. தாராளமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தினம் நூறு பொய் கேட்கிறவனுக்கு ஒன்று சொல்லத் தெரியாதா? ஆனால் என் வழுக்கையைப் பார்த்தும் சிரிக்காதவனிடம் நாக்கு எழவில்லை.

“சவுரிதான்” என்றேன். “டைபாய்டுல கொட்டிப்போச்சு. இப்ப தோள்வரைகூட இல்லே. அவளுக்கு அதை வைக்க இஷ்டமே இல்லே, என் அக்காதான் வச்சா. சொல்லிடுங்கன்னு அவதான் சொல்லியனுப்பினா. நான்தான் உங்க தலையைப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவன் எழுந்து துண்டை அவிழ்த்துக் கண்ணாடியில் பார்த்தான். கொண்டை பாதிதான் படிந்திருந்தது.

“ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வர்ற ஞாயித்துக்கெழம நாங்க மதுரைக்கு வாரோம். அவுகள சவுரி வைக்காம இருக்கச் சொல்லுங்க.” பெஞ்சிலிருந்த தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்தான். “இது உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா போட்டுக்கிட்டு வந்துருவேன்.”

அவன் வேலைக்குத் திரும்பிய பிறகு சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். இடது பக்கத்து வாலை வெட்டிவிடச் சொன்னேன். “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீகளா?” என்று சலூன்காரர் இரண்டு தடவை கேட்டார். கூலி அறுபது பைசா.

சாயங்கால வண்டியில் மதுரைக்குத் திரும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னலோரம். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் என் தொப்பியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. கழற்றிக் காட்டினேன். உடனே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரைக்குடியில் பார்த்ததை மதுரையோடு ஒப்பிட்டு நாலு வரி எழுதலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். வெயில் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சந்தேகமும் அப்படித்தான்.

வீட்டுக் கதவைத் திறந்த அக்கா, தொப்பியைக் கையில் பிடித்து நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்து, “யார் வேணும்?” என்றாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வசந்தா எட்டிப் பார்த்தாள். என் தலையை அவள் பார்க்கவே இல்லை. கண் தொப்பி மேலேயே இருந்தது.

“சொல்லிட்டீங்களா மாமா?”

“சொல்லிட்டேன்.”

“அதுக்கு முன்னாடியே தொப்பியைக் கொடுத்துட்டாரா?”

“இல்லேம்மா. சொன்னதுக்கு அப்புறந்தான் கொடுத்தார்.”