வேறு பேனையில் போட்ட பிள்ளையார் சுழி

நூற்றுப் பன்னிரண்டு வினாக்கொத்துகளையும் பாயில் பரப்பி வைத்துவிட்டு, நிசாந்தினி அவற்றை முறைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே பதில். கடவுளோடு நெருக்கம் ஐந்துக்கு ஐந்து, நண்பர்களோடு ஐந்துக்கு ஐந்து, தாய் தகப்பனோடும் ஐந்துக்கு ஐந்து. பெயர் எழுத வேண்டாம், இது பரீட்சை இல்லை என்று அவள் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். பூவரசங்குளம் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளா கேட்பார்கள்? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, அத்தனை பேரும் முழுப் புள்ளி வாங்கியிருந்தார்கள்.

அன்று காலைதான், அவளுடைய ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியை சிவப்புப் பேனையால் முதல் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார். "இதிலை ஆராய ஒண்டும் இல்லை நிசாந்தினி. திங்கட்கிழமை வேறை தலைப்போடை வாங்கோ."

வேறு தலைப்பாம்! மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து அக்கராயனில் ஊரார் வயலில் கூலிக்கு நெல் அருவி வெட்டிய மாயாண்டியின் மகள், இந்த ஒரு தலைப்புக்காகத்தான் உளவியலே படிக்கப் போனவள். பதினான்கு வயதில் போரில் இடம்பெயர்ந்து முகாம் கூடாரத்தில் கிடந்தபோது, தனக்குப் பித்துப் பிடிக்காமல் காத்தது கும்பிட்ட தெய்வமா, கூடவே இருந்த சிநேகிதிகளா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஆளும் இல்லை.

தாள்களைக் கட்டி அலுமாரிக்குள் தள்ளத்தான் அள்ளினாள். அப்போதுதான் ஒரு தாளின் உச்சி கண்ணில் பட்டது. பிள்ளைகள் வழக்கம்போலத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். அதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனால் பதில்கள் நீலத்தில் இருக்க, சுழி மட்டும் ஊதாவில் இருந்தது. அடுத்த தாளில் பதில்கள் ஊதா. உச்சியில், முஸ்லிம் பிள்ளைகள் இறைவன் பெயரால் தொடங்கும்போது இடும் 786, நீலத்தில் இருந்தது.

 மற்றத் தாள்களைப் பரபரவென்று புரட்டினாள். பதில் எழுதியது ஒரு கை, தலையில் போட்டது இன்னொரு கை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸில் ஏறிப் போய் வகுப்புக்குள் நின்றாள். "இதை ஆர் ஆருக்குப் போடுறது?" என்று தாளின் உச்சியைக் காட்டிப் பொதுவாகக் கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் முன் வாங்கிலிருந்த சுமித்திரா எழும்பினாள். "நாங்கள் எங்களுக்குப் போடுறேல்ல ரீச்சர். பக்கத்திலை இருக்கிறவைதான் போட்டுத் தரவேணும்."

"ஏன் அப்பிடி?"

"நாங்களே போட்டால் பயம் போகாது."

"நான் இவளுக்குச் சுழி போடுவன், இவள் எனக்கு 786 போடுவாள்," என்றாள் பக்கத்திலிருந்த றுக்ஷானா. "ஆறாம் வகுப்பிலை இருந்து இப்பிடித்தான். உங்கடை பேப்பருக்கு ஆர் ரீச்சர் போடுறது?"

"நானேதான்," என்றாள் நிசாந்தினி. வகுப்பே அவளைப் பாவமாகப் பார்த்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் தனக்குத்தானே சிரித்ததைக் கண்டு பக்கத்துச் சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி இருந்தார். இருக்கட்டுமே! அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தெய்வமா சிநேகிதியா என்று இத்தனை வருசம் அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே பிழை. இந்தப் பிள்ளைகளிடம் தெய்வம் சிநேகிதியின் கையால்தான் வந்து சேர்கிறது. கூடாரத்திலும் அப்படித்தான் வந்திருக்கும். சனியும் ஞாயிறும் சோறு தண்ணி மறந்து இருபது பக்கம் எழுதினாள். தலைப்பை மட்டும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியை இருபது பக்கத்தையும் வாசித்து முடிக்கும்வரை நிசாந்தினி கதிரை நுனியிலேயே இருந்தாள். அந்த முகத்திலிருந்து எதையும் பிடிக்க முடியவில்லை. அவர் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"மேலை சுழி போடேல்லையே. மறந்துபோனியளோ?"

"மறக்கேல்லை மேடம்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, தலைப்புக்கு மேலே ஆறுதலாக ஒரு பிள்ளையார் சுழி போட்டுத் தாளை நீட்டினார்.

"போய்த் தொடங்குங்கோ."