சித்தப்பாவின் விருப்பப் பாடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸ் வாசலில் குவிந்து கிடந்த ஷூக்களும் செருப்புகளும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. எல்லாம் என்னோடு பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவர்களுடையவை. உள்ளே அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்தில் தோசை வார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமே இல்லை. ஆனால் தில்லிப் பிள்ளைகளுக்கு மதராசி வீடு என்றால் தோசைதான் என்பது அம்மாவின் கணக்கு. "லோ பேட்டா, அவுர் ஏக் லோ" என்று இன்னொன்றையும் தட்டில் போட்டுக்கொண்டே, அடுத்த பருவத்துக்கு எந்தப் பாடம் எடுக்கப்போகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தாள். சட்டினிக்கும் சாம்பாருக்கும் நடுவே அங்கே ஒரு தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. வேட்பாளர் என் சித்தப்பா. அவருக்கு விஷயமே தெரியாது. மிக்ஸி ஜாரைச் சரிபண்ணிக்கொண்டு வரச்சொல்லி அம்மா அவரைக் கரோல் பாகுக்கு அனுப்பியிருந்தாள்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. திருச்சியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்காக தில்லிக்கு வந்தவர். பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை அமையாததால் எங்களோடு தங்கி, ஒரு கல்லூரியில் கெஸ்ட் ஆசிரியராக இருந்தார். கெஸ்ட் என்றால் வகுப்பு இருந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு நான் காத்திருந்தபோது, எனக்கு ஒதுக்கப்பட்ட கல்லூரியும் அதுவாகவே அமைந்தது. சேர்ந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, "காலேஜ்ல நான் உனக்குச் சித்தப்பா இல்ல, சார். புரிஞ்சுதா பாப்பா?" என்றார். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினோம். ஒரே மெட்ரோவில் போவோம், ஆனால் வேறு வேறு பெட்டியில்.

மூன்றாம் ஆண்டுக்குப் பாடங்களைத் திட்டமிடும் நேரம் வந்தது. அந்தக் குழப்பத்தை இன்று நினைத்தாலும் தலை சுற்றுகிறது. கட்டாயப் பாடம், விருப்பப் பாடம், வேறு துறையிலிருந்து ஒரு பாடம், திறன் பாடம், மதிப்புக் கூட்டுப் பாடம் என்று எல்லாவற்றையும் கிரெடிட் கணக்குக்குள் அடக்க வேண்டும். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் எனக்கு வேறு விடை வந்தது. மூன்று வருடத்தோடு முடிப்பதா, நான்காவது வருடமும் படிப்பதா என்பது தெரிந்தால்தான் எதை எடுப்பது என்று தெரியும். எதை எடுப்போம் என்று தெரிந்தால்தான் நான்காவது வருடம் உண்டா என்று தெரியும். அலுவலகத்தில் கேட்டால் "வெப்சைட் தேகோ", போய் வெப்சைட்டைப் பார் என்பார்கள். வெப்சைட்டில் போன வாரம் இருந்தது இந்த வாரம் இருக்காது. எனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்ற கேள்வி அதற்குள் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது.

விருப்பப் பாடங்கள் இரண்டு. ஒன்று அயல்நாட்டுக் கொள்கை. துறையின் மூத்த மேடம் எடுப்பது, பல வருடங்களாக ஓடும் வண்டி. மற்றது நகரத்தை யார் ஆள்கிறார்கள் என்பதைப் பற்றியது. அதை அந்த வருடம்தான் முதல்முறையாகக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முழுத் திட்டமும் போட்டவர் சித்தப்பா. எந்த வாரம் வார்டு அலுவலகம், எந்த வாரம் தண்ணீர் லாரி நிற்கும் தெரு, அதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும் என்று எங்கள் சாப்பாட்டு மேஜையில் மாதக் கணக்கில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். போதுமான பேர் சேராவிட்டால் பாடம் கிடையாது. பாடம் இல்லையென்றால் சித்தப்பாவுக்கு வேலையும் கிடையாது. இது காதில் விழுந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ரூல் பொசிஷன் என்னன்னு முதல்ல கேளு" என்றார் அமைச்சக உத்தியோகஸ்தரான அப்பா. "நீங்க சும்மா இருங்க. தம்பிக்கு வேலை போனா உங்க ரூலா சோறு போடும்?" என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

மிக்ஸி ஜாரோடு சித்தப்பா எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். வாசல் ஷூக்களைப் பார்த்து நின்றவர், உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் தோசையோடு மொத்தக் கூட்டமும் எழுந்து, "குட் ஆஃப்டர்நூன் சார்" என்றது. இவர் ஏன் இந்த வீட்டுக்கு வருகிறார் என்று அவர்களுக்குக் குழப்பம். இவர்கள் ஏன் என் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்குக் குழப்பம். அம்மாதான் கூசாமல், "மேரா தேவர் ஹை" என்று அறிமுகம் செய்துவைத்தாள். என் கொழுந்தன்தான் இவர் என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு வருட ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு அன்று விளங்கவே இல்லை. சித்தப்பா உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே மேடத்தின் பாடத்தைப் புகழத் தொடங்கினார். அயல்நாட்டுக் கொள்கையை மேடம் மாதிரி நடத்த இந்த ஊரில் ஆள் இல்லை, உங்களில் பாதிப் பேராவது அதை எடுக்க வேண்டும் என்றார். அவர் புகழப் புகழ, பிள்ளைகளின் கண்ணில் அவர் உயர்ந்துகொண்டே போனார். பாடம் ஓடாவிட்டால் கெஸ்ட் ஆசிரியருக்கு வேலை இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தன் வேலைக்கே ஆபத்து என்றிருக்கும்போது போட்டிப் பாடத்தைப் புகழ்கிறாரே, என்ன மனுஷன் என்று படியிறங்கும்போதே பேசிக்கொண்டு போனார்கள். அம்மாவின் தோசை சாதிக்காததைச் சித்தப்பாவின் பேச்சு சாதித்துவிட்டது. ஏறக்குறைய வகுப்பு முழுவதும் நகரப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது. நானும்தான்.

இரண்டு நாள் கழித்து அம்மா கேசரி கிண்டினாள். அன்று சாயங்காலம் வந்த சித்தப்பா கேசரியைத் தொடாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேடம் பேப்பருக்கு ஆள் சேரல. பர்மனென்ட் டீச்சருக்கு வகுப்பு குறைஞ்சா முதல்ல அவங்களுக்குத்தான் குடுக்கணும். மிச்சம் இருந்தாத்தான் கெஸ்ட்டுக்கு. என் பேப்பரை அவங்களுக்குக் குடுத்துட்டாங்க அண்ணா." அப்பா தலையை ஆட்டினார். ரூல் அவருக்குப் புரிந்தது. அம்மாவுக்குத்தான் புரியவில்லை. "அதெப்படி தம்பி? ஜெயிச்சவங்க எப்படித் தோப்பாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டு பாடமும் ஓடியிருந்தால் இருவருக்கும் வேலை இருந்திருக்கும். பாதிப் பேராவது மேடத்திடம் போக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது பெருந்தன்மையால் மட்டும் அல்ல, கணக்காலும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சித்தப்பா?" என்று அழுகையோடு கேட்டேன். "சொன்னா அதுவும் பிரசாரம்தானே பாப்பா" என்றார். அது பதிலா, சமாளிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் போட்ட திட்டத்தை மேடம் கேட்டார். இவர் முழுவதையும் கொடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மேடத்தை வெறுத்தாவது சித்தப்பாவுக்கு விசுவாசமாக இருக்கலாம் என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஆனால் மேடம் அருமையாக நடத்தினார். வார்டு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்; தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த பெண்களிடம் எங்களைப் பேசவைத்தார். பிறந்து வளர்ந்த ஊரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. வகுப்பு முடிந்து மெட்ரோவில் சிரித்துப் பேசிக்கொண்டு வருவேன். வீட்டு வாசலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வேன். சித்தப்பா அந்தப் பருவம் முழுவதும் அந்தப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பரீட்சை முடியும் முன்பே அவர் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவர் கரோல் பாக் பக்கம் ஒரு சிவில் சர்வீஸ் பயிற்சி மையத்தில் மைக் பிடித்துப் பாடம் நடத்துகிறார். கூடம் நிறையப் பிள்ளைகள், நல்ல சம்பளம். "நான் தோசை வார்த்ததுலதான் தம்பி இந்த நிலைக்கு வந்துச்சு" என்று அம்மா வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அவருக்கு நடந்தது நல்லதா கெட்டதா என்பதை நான் இன்னும் முடிவுசெய்யவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் வேலையாகப் போனவள் அவரைப் பார்க்கப் போனேன். வகுப்பு முடிந்து, எதிரில் இருந்த கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சு என்னென்னவோ விஷயங்களைச் சுற்றி வந்தது. அவர் டீயைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பேப்பர் எப்படி இருந்துச்சு பாப்பா?" என்றார். எந்தப் பேப்பர் என்று நான் கேட்கவில்லை. என்ன சொன்னால் அவருக்கு வலிக்காது என்று தெரியாமல் திணறி, கடைசியில் உண்மையையே சொன்னேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு சித்தப்பா. நான் படிச்சதுலயே அதுதான் பெஸ்ட்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாலாவது வாரம் கொஞ்சம் இழுத்துச்சோ?"

"ஆமா. லேசா."

"நெனச்சேன். கார்ப்பரேஷன் பட்ஜெட்டை அங்க வெச்சிருக்கக் கூடாது." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேஜையில் கிடந்த பயிற்சி மைய விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டு, முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று எழுதத் தொடங்கினார். டீ ஆறிப்போனது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.