ஊசியக்கா தொடமாட்டேன் என்ற வலை

வலைக்கூடத்தில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த வலையைப் பொத்துவதில் கை அவ்வளவு வேகம். வாய் அதைவிட வேகம்.

புருஷனும் கொழுந்தனும் சேர்ந்து படகு வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் மற்றவர்களைப் போல அவர்களும் வழிவலைக்கு மாறியிருந்தார்கள். நீரோட்டத்தோடு மைல்கணக்கில் மிதந்து போய், எதிர்ப்பட்டதையெல்லாம் மாட்டவைக்கும் வலை அது. ஆரம்பத்தில் வஞ்சிரம் மலையாய்க் குவிந்தது. பிறகு குறைந்தது. குறையக் குறைய, “வலைக் கண்ணைச் சின்னதாப் போடுங்க” என்று வலைக்கூடத்துப் பெண்களை விரட்டினார்கள்.

ஒருநாள் காலை வந்து இறங்கிய வலையில் டால்பின் குட்டி ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தது. மூச்சுவிட மேலே வரமுடியாமல் செத்திருந்தது. மீன் என்று பார்த்தால் உள்ளங்கை நீளத்துக் குஞ்சுகள். ஊசியக்கா கயிறுகளை அறுத்துக் குட்டியை வெளியே எடுத்தாள்.

“இனிமே இந்த வலைய நான் தொடமாட்டேன்.”

“என்ன அண்ணி, விளையாடறீங்களா? வலை இல்லாம படகு எதுக்கு?” என்றான் கொழுந்தன்.

“தூண்டில் இருக்குல்ல? குஞ்சையெல்லாம் வாரிட்டு வந்துட்டா, அடுத்த வருஷம் தண்ணியவா பிடிப்பீங்க?”

அவள் எழுந்ததும் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராய் ஊசியை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஆண்கள் சிரித்தார்கள். தாங்களே பொத்த உட்கார்ந்தார்கள். கொழுந்தன் போட்ட முடிச்சில் அவன் சட்டையும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. சட்டையைக் கத்தரித்துத்தான் அவனை எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் புருஷன் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஊர் வயிற்றில் அடித்துவிட்டோமோ என்று அவளும் தனியாய்க் குமைந்தாள். ஆனால் ஆண்கள் அரைகுறையாய்ப் பொத்திய வலையும் வெறும் வலையாகத்தான் திரும்பியது. கடைசியில் புருஷன்தான் முதலில் தூண்டிலோடு கிளம்பினான். பின்னாலேயே மற்றவர்களும். மீனவர் சங்கம் கூடி, இந்தத் துறையில் வழிவலையே கிடையாது என்று முடிவு செய்தது. இரண்டு பருவம் வயிற்றைக் கட்டித்தான் ஓட்டினார்கள்.

மூன்றாவது பருவத்தில் ஒரு காலை, படகு கரைக்கு வருமுன்பே கூச்சல் கேட்டது. ஊசியக்கா ஓடினாள். படகின் முனையில் புருஷன், இரண்டு கையாலும் தூக்கமுடியாத வஞ்சிரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். பின்னால் வந்த படகுகளிலும் அதே கும்மாளம்.

“ஏய், பாருடி!” என்று கத்தினான். “குஞ்சு இல்லடி, இது அதோட அப்பன்!”

வலைக்கூடமே கைதட்டியது. ஊசியக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனை வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டினாள்.